கோங் 3-க்கு மாறியதும் எது ஏன் உடைகிறது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்தில் மூன்று பேர், ஐந்து பேர் சேர்ந்து நடத்தும் சின்ன மென்பொருள் குழுக்கள் இருக்கின்றன. ரப்பர் ஷீட் விலை, தோவாளைப் பூச்சந்தை விலை, கல்லூரிப் பேருந்து எந்த நிறுத்தத்தில் நிற்கிறது, குளச்சல் பக்கம் இன்று கடல் எப்படி இருக்கிறது என்று செல்பேசிக்குத் தகவல் அனுப்புகிற வேலைகள் அவர்களுடையவை. செயலி கேட்டதும் சர்வர் தகவல் தரும் இந்த வாசல்களுக்கு ஏபிஐ என்று பெயர். இந்த ஏபிஐகளுக்கு முன்னால் கேட்வே என்ற வாயில் மென்பொருள் ஒன்றை வைத்து, யார் கேட்கலாம், எவ்வளவு கேட்கலாம், கேட்டதை எந்தச் சர்வருக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்வார்கள். அந்த வேலைக்குக் கோங் பலருக்கும் பழக்கமான மென்பொருள். அதிலும் 2.8 பதிப்பை ஒருமுறை நிறுவிவிட்டு அப்படியே ஓட விட்டவர்கள் அதிகம்.

3.0 பதிப்பு 2022 செப்டம்பரில் வந்தது. 2-இலிருந்து 3 என்று ஓர் எண்தான் மாறியது போலத் தெரியும். ஆனால் வந்த கோரிக்கையை எந்த ரூட்டுக்கு (எந்தப் பாதைக்கு எந்தச் சர்வர் என்ற விதிக்கு) அனுப்புவது என்று தீர்மானிக்கும் ரூட்டரையே ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதிவிட்டார்கள். நெடுங்காலமாக “இது பழசு, சீக்கிரம் எடுத்துவிடுவோம்” என்று எச்சரித்து வந்த அமைப்புகளையும் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த 3.4, 3.6 பதிப்புகளிலும் சில கதவுகள் மூடின. அதனால் பதிப்பு மாற்றியதும் வருகிற பிழைகள் பெரும்பாலும் புதுப் பிழைகள் அல்ல. பழைய பதிப்பு பெரிய மனதோடு விட்டுக்கொடுத்ததைப் புதியது விட்டுக்கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வந்த அறிகுறியை நேராகப் போய்ப் பார்க்கலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்ட வேண்டாம். பாதைகளை வாசிக்க எளிதாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். உங்கள் அமைப்பில் இருக்கும் பெயரை அங்கே வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில்: பதில் சொன்னது யார்?

ஏபிஐ 404 (கேட்டது இல்லை) கொடுக்கிறது, 502 (பின்னால் இருக்கும் சர்வரிடமிருந்து சரியான பதில் இல்லை) கொடுக்கிறது என்று தெரிந்ததும் எல்லோரும் அமைப்புக் கோப்பைத் திறந்து மாற்றத் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். இந்த 404-ஐச் சொன்னது கோங்கா, அல்லது அதன் பின்னால் இருக்கும் உங்கள் சர்வரா?

இதைக் கண்டுபிடிக்கப் பதிலோடு வரும் ஹெடர்களை (பதிலின் தலையில் வரும் குறிப்புகளை) பார்த்தால் போதும். கர்ல் கட்டளையில் ஹெடர்களையும் காட்டச் சொல்லி ஒருமுறை கேளுங்கள். ‘எக்ஸ்-கோங்-அப்ஸ்ட்ரீம்-லேட்டன்சி’ என்ற ஹெடரும், ‘வயா’ என்ற ஹெடரில் கோங்கின் பெயரும் இருந்தால், கோரிக்கை கோங்கைத் தாண்டிப் பின்னால் இருக்கும் சர்வர் வரை போய்த் திரும்பியிருக்கிறது. அந்த 404 உங்கள் சர்வருடையது. அதற்குப் பதிலாக ‘சர்வர்’ என்ற ஹெடரிலேயே கோங்கின் பெயரும் பதிப்பும் இருந்து, ‘எக்ஸ்-கோங்-ரெஸ்பான்ஸ்-லேட்டன்சி’ மட்டும் வந்தால், கோங்கே வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டது என்று பொருள். இரண்டுமே இல்லையென்றால் பெரும்பாலும் கோரிக்கை கோங்குக்கே வரவில்லை. முன்னால் வேறு ஏதாவது லோட் பேலன்சர் இருக்கிறதா, டிஎன்எஸ் பழைய முகவரியைக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் கடற்கரையில் கள்ளக்கடல் என்றால் எல்லோருக்கும் தெரியும். காற்றும் மழையும் இல்லாத நாளில் தொலைவில் எங்கோ கிளம்பிய பேரலை வந்து கரையில் ஏறும். அதற்கான எச்சரிக்கையை ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வெளியிடுகிறது. அந்த மாதிரி எச்சரிக்கையை எடுத்து முட்டம், தேங்காய்ப்பட்டணம் ஊர்க்காரர்களுக்குக் காட்டும் ஒரு செயலியை நினைத்துக்கொள்ளுங்கள். பல செயலிகளில் 404 வந்தால் “இப்போது எச்சரிக்கை எதுவும் இல்லை” என்று காட்டும்படி எழுதியிருப்பார்கள். சர்வர் 404 சொன்னால் அது சரி. ஆனால் ரூட் பொருந்தாமல் கோங் 404 சொன்னாலும் செயலி அதையேதான் காட்டும். எச்சரிக்கை இருக்கும், திரையில் இல்லை என்று இருக்கும். யாரும் புகார் செய்யக்கூட மாட்டார்கள், ஏனென்றால் பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே தோன்றும்.

எனவே பதிப்பு மாற்றுவதற்கு முன்பே செயலி எழுதுகிறவரிடம் இதைப் பேசிவிடுங்கள். “எச்சரிக்கை இல்லை” என்பதற்கு 200-உம் ஒரு வெற்றுப் பட்டியலும் அனுப்பச் சொல்லுங்கள். 404 வந்தால் “தகவல் கிடைக்கவில்லை” என்றுதான் திரையில் வரவேண்டும்.

3.5 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு என்றால் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அது ஹெடரிலும், பிழைச் செய்தியிலும், லாக் எனப்படும் பதிவேட்டிலும் ஒரே மாதிரி வரும். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒருவர் போன் செய்து “அண்ணே, ஒண்ணும் வரல்ல” என்றால், அந்த எண்ணை மட்டும் வாங்கி லாகில் தேடினால் போதும்.

அறிகுறி: நேற்றுவரை வேலை செய்த பாதைக்கு 404, “நோ ரூட் மேட்ச்டு வித் தோஸ் வேல்யூஸ்”

3-க்கு மாறியவர்களிடமிருந்து முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான். காரணமும் அநேகமாக ஒன்றுதான்: ~ குறி.

2.8 வரை, ரூட்டில் நீங்கள் கொடுத்த பாதை சாதாரணப் பாதையா, ரெகெக்ஸா (பல பாதைகளுக்குப் பொருந்தும் வடிவக் குறியீடா) என்று கோங் தானாக ஊகித்துக்கொண்டது. எழுத்து, எண், புள்ளி, கோடு போன்ற சில குறிகள் மட்டும் இருந்தால் சாதாரணப் பாதை. அடைப்புக்குறி, கூட்டல்குறி என்று வேறு எது வந்தாலும் ரெகெக்ஸ். 3.0-இல் இந்த ஊகத்தை எடுத்துவிட்டார்கள். பாதையின் தொடக்கத்தில் டில்டே எனப்படும் ~ குறி இருந்தால் மட்டுமே அது ரெகெக்ஸ். இல்லையென்றால் உள்ளே என்ன குறி இருந்தாலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே ஒப்பிட்டுப் பார்க்கும்.

எடுத்துக்காட்டாகப் பூ விலை ஏபிஐயில் இப்படி ஒரு பாதை இருந்தது என்று வையுங்கள்:

/விலை/தோவாளை/[0-9]+$

2.8-இல் /விலை/தோவாளை/25 என்று கேட்டால் கிடைத்தது. 3-இல் அந்தச் சதுர அடைப்புக்குறியையும் கூட்டலையும் டாலரையும் அப்படியே தட்டச்சு செய்து யாராவது கேட்டால்தான் பொருந்தும். யாரும் அப்படிக் கேட்கப்போவதில்லை. சரியான வடிவம் இது:

~/விலை/தோவாளை/[0-9]+$

கடைசியில் உள்ள $ குறியையும் கவனியுங்கள். ரெகெக்ஸ் பாதையின் தொடக்கத்தைக் கோங் தானாகவே கட்டிப்போடும், முடிவைக் கட்டிப்போடாது. $ இல்லையென்றால் 25-க்குப் பின்னால் எது வந்தாலும் அந்த ரூட் ஏற்றுக்கொள்ளும்.

“ஆனால் மேம்படுத்தும்போது கோங்கே ~ போட்டுத் தருமே?” என்று கேட்பீர்கள். தரும், சில இடங்களில். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் இருக்கும் ரூட்களுக்கு, மைக்ரேஷன் (டேட்டாபேஸைப் புதுப் பதிப்பின் வடிவுக்கு மாற்றும் வேலை) முழுவதும் முடியும்போது அதுவே சேர்த்துவிடும். டேட்டாபேஸ் இல்லாமல் யாமல் கோப்பில் ஓட்டுகிறவர்களுக்கு, கோப்பின் தலையில் இருக்கும் ஃபார்மட் வெர்ஷன் 1.1 அல்லது 2.1 என்று இருந்தால், ஏற்றும் நேரத்தில் சேர்த்துக்கொள்ளும். பிரச்சினை தொடங்குவது இந்த இரண்டும் கைகொடுக்காத இடங்களில்.

ஒன்று, “பதிப்பு 3 ஆகிவிட்டதே” என்று கோப்பின் தலையில் ஃபார்மட் வெர்ஷனை 3.0 என்று கையால் மாற்றுவது. அப்படி மாற்றினால், பாதைகளை ஏற்கெனவே நீங்கள் திருத்திவிட்டீர்கள் என்று கோங் நம்பிக்கொள்ளும், ~ சேர்க்காது. அந்த ஒரு வரியை மாற்றுகிறீர்கள் என்றால் கீழே இருக்கும் எல்லா ரெகெக்ஸ் பாதையையும் அதே நாளில் மாற்றியாக வேண்டும்.

இரண்டு, தானியங்கி ஸ்கிரிப்ட். மைக்ரேஷன் ஒழுங்காக முடிந்து, எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். சில நாள் கழித்து யாரோ வேறு ஏதோ திருத்தம் செய்து வெளியிட, அந்த ஸ்கிரிப்ட் தன்னிடம் இருக்கும் பழைய பாதைகளை, கோங்கின் அமைப்பை மாற்றும் அட்மின் ஏபிஐ வழியாக மறுபடி எழுதிவிடும். டேட்டாபேஸில் இருந்த ~ அத்தோடு போய்விடும். பல பாதைகளைக் கோங் பிழை எதுவும் சொல்லாமலே ஏற்றுக்கொள்வதால், வெளியீடு வெற்றி என்றுதான் திரையில் வரும். “மேம்படுத்தியபோது நன்றாக இருந்தது, ஒரு வாரம் கழித்து உடைந்தது” என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, ரூட்களை எந்த ஸ்கிரிப்ட் எழுதுகிறது என்பதைத்தான்.

சரி, எப்படித் தேடுவது? அட்மின் ஏபிஐ வழக்கமாக 8001 போர்ட்டில் இருக்கும். அங்கே ரூட் பட்டியலைக் கேட்டு வாங்கி, அடைப்புக்குறி, கூட்டல், நட்சத்திரம், டாலர், பின்சாய்கோடு இவற்றில் ஏதாவது ஒன்று உள்ள, ஆனால் ~ இல்லாத பாதைகளை மட்டும் பிரித்தெடுங்கள். அந்தப் பட்டியல்தான் உங்கள் வேலைப் பட்டியல். டெக் என்ற கட்டளைக் கருவி பயன்படுத்துகிறவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். 2.x கோப்பை 3.x வடிவத்துக்கு மாற்றித் தரும் கன்வெர்ட் கட்டளை அதில் இருக்கிறது. மாற்றிய கோப்பையும் பழைய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். கருவி ஊகிக்கும் இடங்களில் மனிதக் கண் வேண்டும்.

~ சரியாக இருந்தும் பொருந்தவில்லையா? இரண்டு இடம் பார்க்க வேண்டும். முதலாவது, முன்னோக்கிப் பார்க்கும், பின்னோக்கிப் பார்க்கும் ரெகெக்ஸ்கள். “இந்தச் சொல் பின்னால் வராவிட்டால் மட்டும் பொருத்து” என்று எழுதுவார்களே, அவை. புதிய ரூட்டர் பயன்படுத்தும் ரஸ்ட் ரெகெக்ஸ் நூலகத்தில் அந்த வசதி கிடையாது. லாகில் ரெகெக்ஸ் பிழை என்று வரும். அந்தப் பாதையை இரண்டு ரூட்களாகப் பிரித்து எழுதுவதுதான் நிலையான தீர்வு. அவசரமென்றால் கோங் அமைப்புக் கோப்பில் ரூட்டர் ஃபிளேவர் என்ற இடத்தில் டிரடிஷனல் என்று போட்டால் பழைய ரூட்டர் திரும்ப வரும். 3.0 முதல் அங்கே இயல்பாக இருப்பது டிரடிஷனல் கம்பாட்டிபிள். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே இருப்பது புது ரூட்டர், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது, பாதையில் % குறி. தமிழ்ப் பெயரைப் பாதையில் வைத்தால், மட்டி வாழைப்பழ விலைக்கு /விலை/மட்டி என்று வைத்தால், பிரவுசர் அந்த எழுத்துகளை % குறிகளாக மாற்றித்தான் அனுப்பும். 2.8-இல் ரெகெக்ஸுக்கு உள்ளேயும் அந்த % வடிவத்தை எழுதலாம், கோங் சமாளித்துக்கொள்ளும். 3.0 வந்த கோரிக்கையின் பாதையைச் சீராக்கிய (% வடிவங்களை எழுத்துகளாக மாற்றிய) பிறகு ஒப்பிடுகிறது; நீங்கள் எழுதிய ரெகெக்ஸைச் சீராக்குவதில்லை. அதனால் இணைய முகவரியில் தனிப் பொருள் உள்ள குறிகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் % இல்லாமல் நேராக எழுதுங்கள்.

அறிகுறி: 200 வருகிறது, ஆனால் வேறு சேவையின் பதில்

இதுவும் அதே ~ விவகாரம்தான். ஆனால் 404-ஐ விட மோசமானது.

ஒரு சேவைக்கு /விலை என்று பொதுவான ரூட்டும், இன்னொன்றுக்கு /விலை/ரப்பர்/[0-9]+ என்று ரெகெக்ஸ் ரூட்டும் இருந்தன என்றால், 2.8-இல் ரெகெக்ஸ் முதலில் பார்க்கப்படும். 3-இல் ~ இல்லாததால் அது ரெகெக்ஸ் என்ற தகுதியை இழக்கிறது; எதற்கும் பொருந்தாது. கோரிக்கை /விலை என்ற பொது ரூட்டில் விழுந்து வேறு சர்வருக்குப் போய்விடும். அந்தச் சர்வர் ஏதோ ஒன்றைக் கொடுக்கும். பொது ரூட்டில் அனுமதிச் சோதனை பிளகின் (கோங்கில் சேர்க்கும் கூடுதல் அம்சம்) இல்லையென்றால் பாதுகாப்பும் போயிற்று.

கண்டுபிடிக்க, கோரிக்கையில் ‘கோங்-டீபக்’ என்ற ஹெடரை 1 என்று வைத்து அனுப்புங்கள். எந்த ரூட், எந்த சர்வீஸ் பதில் தந்தது என்று பதில் ஹெடரில் பெயரோடு வரும். புதிய பதிப்புகளில் இது இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அமைப்புக் கோப்பில் ‘அலவ் டீபக் ஹெடர்’ என்பதை ஆன் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள், உள் பெயர்களை வெளியே காட்டத் தேவையில்லை.

அறிகுறி: கோங் எழும்பவே இல்லை

லாகின் கடைசி வரிகளைப் படியுங்கள். மூன்று வகைதான் அடிக்கடி வரும்.

மைக்ரேஷன் பற்றிய செய்தி என்றால், டேட்டாபேஸ் இன்னும் பழைய வடிவில் இருக்கிறது. 3-க்கு வருவதற்கு முன்னால் 2.8-க்கு வந்திருக்க வேண்டும். 2.2, 2.5 என்று எங்கோ நிற்கிறவர்கள் நேராகத் தாவ வேண்டாம். 2.8-இல் நின்று எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்து, போஸ்ட்கிரஸை முழுதாக பேக்கப் எடுத்து, அப்புறம் புதுப் பதிப்பில் ‘கோங் மைக்ரேஷன்ஸ் அப்’ கட்டளை. புது நோட்கள் (தனித்தனியாக ஓடும் கோங் சர்வர்கள்) எழும்பி, பழைய நோட்களை நிறுத்திய பிறகு ‘கோங் மைக்ரேஷன்ஸ் ஃபினிஷ்’. இரண்டாவதை மறந்துவிட்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. ‘லிஸ்ட்’ கட்டளை கொடுத்தால் பாக்கி இருப்பது தெரியும். ஃபினிஷ் ஓட்டிய பிறகு திரும்பிப் போக பேக்கப் ஒன்றுதான் வழி.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே கொட்டும் மாவட்டம் இது. அந்த மாதங்களில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. சர்வர் அலுவலகத்திலேயே இருக்கிறதென்றால், மைக்ரேஷனை யுபிஎஸ் பேட்டரி நன்றாக இருக்கிற நேரத்தில் மட்டும் தொடங்குங்கள். பேக்கப் கோப்பை அதே இயந்திரத்தில் வைக்காதீர்கள்.

கசாண்ட்ரா என்ற டேட்டாபேஸ் பற்றிய செய்தி என்றால், நீங்கள் 3.4 அல்லது அதற்கு மேலே போயிருக்கிறீர்கள். 2.7-இலேயே எச்சரித்து, 3.4-இல் கசாண்ட்ரா ஆதரவை முழுதாக நீக்கிவிட்டார்கள். போஸ்ட்கிரஸுக்கு மாறுவது தவிர வழியில்லை. பழைய கோங்கிலிருந்து டெக் கருவியால் அமைப்புகளைக் கோப்பாக இறக்கி, புது போஸ்ட்கிரஸில் எழும்பிய கோங்கில் ஏற்றலாம்.

மூன்றாவது வகை, பிளகின் ஏற்ற முடியவில்லை என்பது. நீங்களே லுவா மொழியில் எழுதிய பிளகின் இருந்தால் அதன் ஹேண்ட்லர் கோப்பைத் திறங்கள். முன்பு எல்லா பிளகினும் பேஸ் பிளகின் என்ற ஒன்றிலிருந்து பிறந்தது. அந்த மாட்யூலையே 3.0-இல் எடுத்துவிட்டார்கள். அதை அழைக்கும் வரிகளை நீக்கிவிட்டு, ஹேண்ட்லரைச் சாதாரண லுவா டேபிளாக எழுதினால் போதும். அதோடு பிரயாரிட்டி என்ற இடத்தில் ஒரு முழு எண்ணும், வெர்ஷன் என்ற இடத்தில் 1.0.0 போல மூன்று பகுதி எண்ணும் கட்டாயம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பிளகின் ஏறாது. கோ மொழியில் பிளகின் எழுதியவர்கள், பழைய கோ பிளகின் சர்வர் அமைப்பு வரிகளை நீக்கிவிட்டுப் பொதுவான பிளகின் சர்வர் அமைப்புக்கு மாற வேண்டும்.

அறிகுறி: பிளகின் அமைப்பை ஏற்ற மறுக்கிறது, “ஸ்கீமா வயலேஷன்”, “அன்னோன் ஃபீல்ட்”

இது நல்ல அறிகுறி, ஏனென்றால் எந்தப் பெயர் பிடிக்கவில்லை என்று கோங்கே சொல்லிவிடுகிறது. ஏசிஎல், ஐபி ரெஸ்டிரிக்ஷன், பாட் டிடெக்ஷன் மூன்றிலும் ஒயிட்லிஸ்ட், பிளாக்லிஸ்ட் என்ற பெயர்கள் போய்விட்டன. அலவ், டினை என்று மாற்றுங்கள். ப்ரீ-ஃபங்ஷன், போஸ்ட்-ஃபங்ஷன் பிளகின்களில் ஃபங்ஷன்ஸ் என்ற பட்டியல் இல்லை. அந்தக் கோடை ஆக்சஸ் என்ற இடத்தில் வையுங்கள். ஹெச்டிடிபி-லாக் பிளகினில் ஒரு ஹெடருக்குப் பட்டியலாக மதிப்பு கொடுத்தது இனி ஏற்கப்படாது, ஒரே சரமாகக் கொடுங்கள்.

அறிகுறி: நிமிடத்துக்கு 100 என்று வரம்பு வைத்தும் அதற்கு மேல் போகிறது

ரேட் லிமிட்டிங் பிளகினில் பாலிசி என்று ஒரு அமைப்பு இருக்கிறது. எண்ணிக்கையை எங்கே வைத்து எண்ணுவது என்பதை அது சொல்லும். 3.0 முதல், நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் எல்லா வகை நிறுவலிலும் லோக்கல் என்றே எடுத்துக்கொள்ளும். லோக்கல் என்றால் ஒவ்வொரு நோடும் தன் கணக்கைத் தானே வைத்திருக்கும். உங்களுக்கு இரண்டு நோட் இருந்தால், ஒருவர் இரண்டிலும் மாறி மாறி விழுந்து 200 வரை கேட்டுவிடலாம்.

டேட்டாபேஸில் ஏற்கெனவே இருந்த பிளகின்களில் பழைய மதிப்பு எழுதப்பட்டே இருப்பதால் அவை மாறாது. மேம்படுத்திய பிறகு புதிதாகச் சேர்த்தவற்றில் மட்டும் இது தெரியும். அதனால்தான் ஒரு ரூட்டில் வரம்பு சரியாக இருக்கிறது, பக்கத்து ரூட்டில் இல்லை என்று குழப்பம் வருகிறது. எல்லா இடத்திலும் பாலிசியை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். நோட்கள் சேர்ந்து எண்ண வேண்டுமென்றால் ரெடிஸ் (எண்ணிக்கையை நினைவகத்தில் வைக்கும் பொதுவான டேட்டாபேஸ்) என்பதே என் பரிந்துரை. கிளஸ்டர் என்று வைத்தால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் போஸ்ட்கிரஸுக்கு வேலை கூடும்.

குறுஞ்செய்தி அனுப்பும் ஏபிஐக்கு முன்னால் இந்த வரம்பை வைத்திருக்கிறவர்கள் இதை இன்றே பாருங்கள். ஒவ்வொரு செய்திக்கும் காசு போகிறது.

அறிகுறி: கோங் ஓடுகிறது, கிராஃபனா பலகை காலி

பயப்பட வேண்டாம், எதுவும் நிற்கவில்லை. கிராஃபனா பலகையில் வரைபடமாகத் தெரியும் அளவீடுகளைத் தரும் புரொமிதியஸ் பிளகினில் இரண்டு மாற்றம். ஸ்டேட்டஸ் கோட், லேட்டன்சி, பேண்ட்விட்த், அப்ஸ்ட்ரீம் ஹெல்த் ஆகிய நான்கு வகை அளவீடுகளும் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கின்றன. ரூட், சர்வீஸ் எண்ணிக்கை கூடக் கூட இவை நினைவகத்தைத் தின்றதுதான் காரணம். வேண்டியதைப் பிளகின் அமைப்பில் தனித்தனியாக ஆன் செய்யுங்கள். சிறு நிறுவல் என்றால் நான்கையும் ஆன் செய்வதில் தவறில்லை.

அப்புறம், அளவீடுகளின் பெயர்களும் மாறிவிட்டன. ஒரே பெயரில் இருந்த லேட்டன்சி இப்போது மூன்றாகப் பிரிந்திருக்கிறது: முழுக் கோரிக்கைக்கு ஆன நேரம், பின்னால் உள்ள சர்வருக்கு ஆன நேரம், கோங்குக்கே ஆன நேரம். உண்மையில் இது நமக்கு நல்லது. மெதுவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் யார் பக்கம் தாமதம் என்று உடனே காட்டிவிடலாம். பலகையின் கேள்விகளையும், அதைவிட முக்கியமாக அலர்ட் விதிகளையும் புதுப் பெயருக்கு மாற்றுங்கள். பழைய பெயரில் இருக்கும் அலர்ட் இனி அடிக்கவே அடிக்காது.

அறிகுறி: செல்பேசிகளில் வேலை செய்கிறது, சில பழைய கருவிகள் மட்டும் இணையவில்லை

பேருந்தில் பொருத்திய பழைய ஜிபிஎஸ் கருவி, விலைப்பலகைக்குத் தகவல் வாங்கும் பழைய பெட்டி, இந்த மாதிரி. 3.6 பதிப்பில், இணைப்பை மறையாக்கும் நூலகமான ஓபன்எஸ்எஸ்எல் 3.2 வந்தது. அந்த ஓபன்எஸ்எஸ்எல் இயல்பான பாதுகாப்பு நிலையை 1-இலிருந்து 2-க்கு உயர்த்தியது. 2048 பிட்டுக்குக் குறைவான ஆர்எஸ்ஏ சாவி, 224 பிட்டுக்குக் குறைவான இசிசி சாவி இனி செல்லாது. டிஎல்எஸ் 1.1-உம் அதற்கு முந்தியதும் இயல்பில் கிடையாது. 1024 பிட் சாவியோடு வரும் கருவியைக் கோங் கைகுலுக்கும் கட்டத்திலேயே விட்டுவிடும். ஹெச்டிடிபி பிழை எண் எதுவும் வராது, அணுகல் லாகில் ஒரு வரிகூட இருக்காது. பிழை லாகில்தான் தேட வேண்டும்.

கருவியின் ஃபர்ம்வேரையோ சான்றிதழையோ புதுப்பிக்க முடிந்தால் அதைச் செய்யுங்கள். முடியாவிட்டால், எல்லோருக்குமான வாசலில் பாதுகாப்பைத் தளர்த்த வேண்டாம். அந்தக் கருவிகளுக்கு மட்டும் தனிப் பெயரில், தனி நெட்வொர்க்கில் ஒரு சிறு ப்ராக்ஸி வைத்து, கருவியை மாற்றும் நாளை இப்போதே குறித்துவிடுங்கள்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. கோங் வெளியே இணையும்போது எந்தச் சான்றிதழ்களை நம்புவது என்ற அமைப்பு 3.0 முதல் இயல்பாக இயங்குதளத்தின் நம்பிக்கைப் பட்டியலை எடுத்துக்கொள்கிறது. நீங்களே உருவாக்கிய சான்றிதழ் மையம் இருந்தால் அதையும் அந்த அமைப்பில் சேர்த்து எழுதுங்கள்.

அறிகுறி: ஒரு ஊரில் புது அமைப்பு, இன்னொரு ஊரில் பழையது

கன்ட்ரோல் பிளேன் (அமைப்பை வைத்துப் பகிரும் கோங்) நாகர்கோவிலில், டேட்டா பிளேன் (கோரிக்கைகளைக் கையாளும் கோங்) குளச்சலிலும் மார்த்தாண்டத்திலும் என்று பிரித்து ஓட்டுகிறவர்களுக்கு. டேட்டா பிளேன் 8005 போர்ட் வழியாகக் கன்ட்ரோல் பிளேனோடு பேசும். இணைப்பு அறுந்தாலும், கடைசியாக வாங்கிய அமைப்பை வைத்துக்கொண்டு தொடர்ந்து சேவை செய்யும். கேபிள் அறுந்து கிடக்கும் மழை நாளில் இது பெரிய வரம். ஆனால் அதே காரணத்தால், பதிப்பு ஒத்துப்போகாமல் புது அமைப்பை வாங்க முடியாதபோதும் அது பழையதை வைத்து ஓடிக்கொண்டே இருக்கும், வெளியே தெரியாது.

மேம்படுத்தும் வரிசை எப்போதும் கன்ட்ரோல் பிளேன் முதலில், டேட்டா பிளேன் பிறகு. டேட்டா பிளேன் கன்ட்ரோல் பிளேனைவிடப் புதிதாக இருக்கக் கூடாது. அட்மின் ஏபிஐயில் டேட்டா பிளேன் பட்டியலைக் கேட்டால் ஒவ்வொன்றின் பதிப்பும், கடைசியாகப் பார்த்த நேரமும், ஒத்திசைவு நிலையும் வரும். எல்லா டேட்டா பிளேனிலும் அமைப்பின் ஹேஷ் (சுருக்க அடையாளம்) ஒன்றாக இருக்கிறதா என்பதை ஒவ்வொரு வெளியீட்டுக்குப் பிறகும் பாருங்கள்.

சொந்த பிளகினும் ஸ்கிரிப்டும் வைத்திருக்கிறவர்களுக்கு

பிழை எதுவும் வராமல் நடத்தை மட்டும் மாறும் இடங்கள் இவை. பிளகினுக்குள் கோரிக்கையின் பாதையைக் கேட்கும் கெட்-பாத் இப்போது சீராக்கிய பாதையைத் தரும். வந்தது வந்தபடி வேண்டுமென்றால் கெட்-ரா-பாத். கையொப்பம் சரிபார்க்கும் பிளகின்களில் இது கட்டாயம், ஏனென்றால் அனுப்பியவர் கையொப்பமிட்டது சீராக்காத பாதைக்கு. அனுமதிச் சீட்டான ஜேடபிள்யூடி டோக்கனை என்ஜின்எக்ஸ் கான்டெக்ஸ்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தால் இனி அங்கே இருக்காது. கோங்கின் பகிரப்பட்ட கான்டெக்ஸ்டில் தேடுங்கள். கூடவே வரும் பிளகின்கள் பலவற்றின் பிரயாரிட்டி எண்களும் மாறியிருக்கின்றன. உங்கள் பிளகின் “அனுமதிச் சோதனைக்குப் பிறகு ஓட வேண்டும்” என்று நம்பி ஒரு எண்ணைக் கொடுத்திருந்தால், புது எண்களோடு ஒப்பிட்டு மறுபடி முடிவு செய்யுங்கள்.

சர்வர்களின் எடையை மாற்ற டார்கெட்டுக்கு (பின்னால் இருக்கும் சர்வரின் பதிவுக்கு) போஸ்ட் கோரிக்கை அனுப்பும் பழைய ஸ்கிரிப்ட் இருந்தால், 3.0 முதல் போஸ்ட் புதிதாக உருவாக்க மட்டுமே. இருப்பதை மாற்ற, அந்த டார்கெட்டின் முகவரிக்கே புட் அனுப்ப வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் தீராமல் யாரிடமாவது உதவி கேட்கிறீர்கள் என்றால், “வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதாதீர்கள். பழைய பதிப்பு, புதிய பதிப்பு, டேட்டாபேஸா கோப்பா, ரூட்டர் ஃபிளேவர் என்ன, ஒரே ஒரு கோரிக்கையின் முழு ஹெடர்கள், அதே நேரத்தின் பிழை லாக் வரிகள் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் ஹெடரில் இருக்கும் ஏபிஐ சாவியையும் டோக்கனையும் அழித்துவிடுங்கள்.